கேபின் சாவியைக் கொடுப்பதற்கு முன்

தமிழ்நாட்டின் பழைய திரையரங்குகளை வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு,



கோவை டவுன்ஹாலுக்குப் பக்கத்தில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. கடைகளின் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் கூரியர் உறையிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அங்கிருக்கும் காவல் நிலையத்துக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை. இதுதான் என்று கைகாட்டக் கட்டடம் இல்லை. 1914-இல் வெரைட்டி ஹால் என்ற சினிமாக் கொட்டகையாக எழுந்து, பிற்பாடு டிலைட் என்று பெயர் மாறி, நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அதே இடத்தில் நின்ற அந்தக் கொட்டகையை இடித்துவிட்டார்கள்.

உங்களில் பலருடைய மேசை மேல் இப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஒப்பந்த நகல் கிடக்கும். சிலர் முன்பணம் வாங்கியிருப்பீர்கள். சிலர் வீட்டில் அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு இன்னும் முடிந்திருக்காது. விற்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நிலம் உங்களுடையது. முப்பது நாற்பது ஆண்டுகள் நீங்கள் பட்ட பாடும் உங்களுடையது. கையெழுத்துக்கும் கடப்பாரைக்கும் நடுவில் சில மாதங்கள் இருக்குமே, அந்த மாதங்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வெரைட்டி ஹாலைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோவைக்காரர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், ஊர் திரும்பத் தீர்மானித்தார். அவரிடமிருந்த புரொஜக்டரையும் ஏசுநாதர் வாழ்க்கை பற்றிய படம் உள்ளிட்ட சில சுருள்களையும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வின்சென்ட் வாங்கினார். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை எண்ணிப் பாருங்கள். ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இந்தக் கதையை நமக்குத் தேடித் தொகுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர் சு. தியடோர் பாஸ்கரன்.

ஒன்பது ஆண்டுகள் கூடாரத்தோடு அலைந்தபின் சொந்த ஊரில் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிரந்தரக் கொட்டகை ஒன்று கட்டினார் வின்சென்ட். தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் எழுப்பிய முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று அது. படம் ஓட மின்சாரம் வேண்டும். ஊரில் மின்சாரம் இல்லை. சொந்தமாக ஜெனரேட்டர் வைத்தார். படம் ஓடாத நேரத்தில் அந்த மின்சாரத்தை என்ன செய்வது? அச்சகத்துக்குக் கொடுத்தார், அரிசி ஆலைக்குக் கொடுத்தார், அக்கம்பக்கத்துக்கும் விளக்கு எரியக் கொடுத்தார். கோவையின் ஒரு பகுதி மின்விளக்கைக் கண்டது சினிமாக் கொட்டகையின் புண்ணியத்தில்தான். பேசும்படம் வந்தபோது டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' படத்தை 1933-இல் கல்கத்தாவில் எடுக்கப் பணம் போட்டார். பிறகு கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1942-இல் காலமானார்.

நான் இதையெல்லாம் சொல்வது அவர் பெருமையைப் பாட அல்ல. உங்கள் தாத்தாவையும் இப்படித்தான் பார்க்கிறேன். அவரும் வேறெங்கோ அரிசி மண்டியோ பஸ் கம்பெனியோ நடத்தியவர். கையில் இருந்ததைப் போட்டு, இல்லாததற்குக் கடன் வாங்கி, ஊரின் நடுவில் தூணில்லாத ஒரு பெரிய கூடத்தை எழுப்பியவர். தூணில்லாமல் அவ்வளவு அகலத்துக்குக் கூரை போட அந்த ஊரில் அதுவரை யாருக்கும் தேவை வந்திருக்காது. இரும்புச் சட்டங்களை எங்கிருந்து வரவழைத்தார், யார் வந்து பொருத்தினார்கள், தரைச் சரிவை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுதி வைத்திருக்கிறீர்களா?

கொட்டகை என்பது படம் பார்க்கும் இடம் மட்டும்தான் என்றால் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். படத்தை இப்போது கைக்குள்ளேயே பார்க்கிறோம். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைப் பற்றி எழுதும்போது ஒன்றைக் கவனப்படுத்தினார்: தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். கோயிலில் எல்லாரையும் ஒன்றாக உட்கார விடவில்லை. கச்சேரி சபைக்கு எல்லாரும் போக முடியாது. கூத்து நடக்கும் திடலில்கூட யார் எங்கே உட்காரலாம் என்பதில் ஊர் வழக்கம் குறுக்கே நிற்கும். கொட்டகையில் தரை, பெஞ்சு, சேர் என்று பிரிவு இருந்தது. ஆனால் அது காசு பிரித்த பிரிவு. ஒன்றரை அணா கூடுதலாகச் சேர்த்து வைத்தவனை எழுந்து போ என்று சொல்ல யாராலும் முடியாது. பல கொட்டகைகளில் பெண்கள் பக்கம் தனியாக இருந்தது. அதற்கென்றே தனி கவுண்ட்டரும் இருந்தது. கடைத்தெருவில் நின்று பேசக்கூட முடியாத பெண்கள் அந்தக் கம்பி வரிசைக்குள் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு நின்றார்கள். வெளியே வந்ததும் ஊர் பழைய ஊர்தான். ஆனாலும் மூன்று மணி நேரம், ஒரே இருட்டில், பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்காமல் ஒன்றாகச் சிரித்தோம். தமிழ்நாட்டில் வேறெந்தக் கட்டடத்துக்கும் இந்த வரலாறு இல்லை.

உங்கள் நிலத்துக்குச் சந்தை விலை போடும்போது இந்த வரலாற்றுக்கு யாரும் விலை போடுவதில்லை.

என் சித்தப்பா ஒருவர் ஆபரேட்டராக இருந்தார். எந்தத் தியேட்டர் என்று சொல்லப்போவதில்லை. பஞ்சாலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகவே இரண்டாம் ஆட்டம் ஓடிய கொட்டகை அது. பள்ளி விடுமுறையில் எனக்கு அவர் கேபினுக்குள் இடம் கிடைக்கும். இரும்புப் படி ஏறிப்போனால் தாழ்ந்த கதவு. உள்ளே இரண்டு புரொஜக்டர், நடுவில் அவர் நிற்க மட்டும் இடம். கார்பன் காலம். விளக்கு வீட்டுக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் முனையோடு முனை பார்த்து நிற்கும். இடையில் எரியும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சன்னல் வழியாகப் போய் நூறடி தள்ளித் திரையில் விழும். குச்சி எரிய எரியத் தேயும். தேயத் தேய நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளடித்துவிடும். கீழேயிருந்து விசில் பறக்கும்.

ஆயிரமடி ரீல்களை இரண்டிரண்டாக ஒட்டி இரண்டாயிரமடியாக வைத்திருப்பார். ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். முடியப்போகும் நேரத்தில் படத்தின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். "கண்ணு, பாரு, வருது" என்பார். முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டார் ஓட ஆரம்பிக்க வேண்டும். சில விநாடியில் இரண்டாவது புள்ளி. அதற்கு வெளிச்சம் இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்கு மாற வேண்டும். கீழே அறுநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மாறியது ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரியாமல் முடித்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைப்பார். ஒரே பெட்டியை இரண்டு கொட்டகைகள் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், முதல் ரீல்கள் இங்கே ஓடி முடிந்ததும் ஒரு பையன் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் பறப்பான். ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே படம் நின்றுவிடும்.

டிஜிட்டல் வந்தபின் சித்தப்பாவுக்கு வேலை பொத்தானை அமுக்குவதுதான். ஹார்டு டிஸ்க்கில் படம் வரும், எந்த நேரம் ஓடலாம் என்ற பூட்டும் சாவியும் எங்கிருந்தோ வரும். பழைய இரண்டு மெஷின்களும் மூலையில் துணி போர்த்திக் கிடந்தன. தியேட்டர் கைமாறியபோது அவருக்குத் தகவல் சொல்லவில்லை. அவர் போய்ப் பார்த்தபோது கேபின் இருந்த சுவரில் வானம் தெரிந்தது. மெஷின்களைக் கிலோ கணக்கில் இரும்புக்குப் போட்டிருந்தார்கள். லென்ஸ் எங்கே போனது என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் அவர் தினமும் துடைத்து வைத்த லென்ஸ் அது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஊரில் எல்லாரும் உங்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்கிறார்கள். அது நியாயமில்லை. முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகிறது. உங்களுக்குப் பங்கு கூடும் வாரம் வரும்போது கூட்டம் இருப்பதில்லை. நான்கே வாரத்தில் படம் ஓடிடியில் வந்துவிடும் என்று தெரிந்தவர் ஏன் தியேட்டருக்கு வருவார்? 2017 ஜூலையில் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காடு, அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 விழுக்காடு என்று சுமை ஏறியபோது மாநிலம் முழுக்கத் தியேட்டர்களை நான்கு நாள் மூடினீர்கள். 2018-இல் தயாரிப்பாளர்கள் டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்து நடத்திய வேலைநிறுத்தத்தில் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப்படமே இல்லை. சண்டை அவர்களுக்கும் டிஜிட்டல் கம்பெனிகளுக்கும். காலி நாற்காலி உங்களுக்கு. பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் அடைத்த கதவு நவம்பர் 10-இல்தான் திறந்தது, அதுவும் பாதி இருக்கைக்கு. படம் ஓடாத மாதத்திலும் மின்வாரியத்துக்கும் காவலாளிக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இதை வெளியே இருப்பவர்கள் யோசிப்பதில்லை. கொட்டகைக்கு உரிமம் தரும் விதிகள் கட்டடத்தைச் சுற்றித் திறந்தவெளி கேட்டன. தீப்பிடித்தால் கூட்டம் வெளியே ஓட இடம் வேண்டும். 1979-இல் தூத்துக்குடியில் ஓலைக் கொட்டகை எரிந்து எத்தனையோ பேர் செத்தார்கள். அந்த விதிகள் எவ்வளவு அவசியம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அந்தத் திறந்தவெளியில்தான் சைக்கிள் நின்றது, முறுக்குக்காரர் நின்றார், சுண்டல் வண்டி நின்றது, அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் நின்றார்கள். ஊர் வளர்ந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கடைத்தெருவின் நடுவில், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், ஒரே பட்டாவில், காலியாக இருக்கும் நிலம் உங்களுடையது மட்டும்தான் என்று ஆனது. கூட்டத்தைக் காப்பாற்ற விட்ட இடமே இன்று கட்டடத்தை இடிக்க வைக்கும் விலையாகிவிட்டது.

இடிந்தவை எப்படி இடிந்தன என்று பாருங்கள். மதுரை தங்கம் தியேட்டர் 2563 இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் எடுத்தது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தபோது கட்டடவேலை முழுதாக முடியக்கூட இல்லை; முடியாத கட்டடத்திலேயே படத்தைப் போட்டார்கள். அந்தப் படத்தில் சிவாஜி முதல் வசனம் பேசியதை அந்தக் கூடத்தில் கேட்டவர்கள் இன்னும் மதுரையில் இருக்கிறார்கள். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அதே மதுரையில் 1937-இல் வந்த 'சிந்தாமணி' படம் கொடுத்த லாபத்தில் கட்டி, படத்தின் பெயரையே வைத்த சிந்தாமணி தியேட்டர் இருந்தது. அதுவும் ஜவுளிக்கடையானது. துணி எடுக்கப் போகிறவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு படம் ஒரு கட்டடத்தைக் கட்டியது என்ற செய்தியை அந்தக் கடையின் வாசலில் ஓர் அடி உயரப் பலகையில் எழுதி வைப்பதற்கு என்ன செலவாகும்?

நேர்மாறாக ஒன்று சென்னையில் இருக்கிறது. 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் கட்டினார். இரண்டே ஆண்டு ஓடியது. 1915-இல் அரசு அதைத் தபால் துறைக்காக வாங்கியது. அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போனால் இன்றும் அந்தக் கூடத்தைப் பார்க்கலாம். அங்கே தபால்தலை விற்கிறார்கள். இரண்டு ஆண்டு மட்டுமே படம் ஓட்டிய கட்டடம் நூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது. நூறு ஆண்டு படம் ஓட்டிய கட்டடம் நிற்கவில்லை. வேறு வேலைக்குப் பயன்பட்டால் பழைய கூடம் நிற்கும் என்பதைத்தான் அந்தத் தபால் நிலையம் காட்டுகிறது. நீங்கள் அதைச் செய்யலாம். முன்பகுதியை, அந்த வளைந்த படிக்கட்டையும் மேல்மாடத்தையும் அப்படியே வைத்துப் பின்னால் உங்களுக்கு வேண்டியதைக் கட்டலாம். மும்பையில் 1938-இல் திறந்த ஈராஸ் பல ஆண்டு மூடிக்கிடந்தபின் 2024-இல் அதே கட்டடத்துக்குள் ஐமேக்ஸ் திரையோடு திறந்தது. தில்லி ஆசஃப் அலி சாலையில் 1954-இல் தொடங்கிய டிலைட் தியேட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கோவை டிலைட்டை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தில்லி டிலைட்டும் நினைவுக்கு வருகிறது. பெயர் ஒன்று, விதி வேறு.

எல்லாக் கட்டடமும் காப்பாற்றத் தகுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து, மழைநீர் சுவருக்குள் இறங்கி, இரும்புச் சட்டம் துருப்பிடித்த கூடத்துக்குள் ஆளை உட்கார வைப்பது பாவம். இடித்தே ஆக வேண்டிய நிலை இருந்தால் இடியுங்கள். ஆனால் புதிதாகக் கட்டுவதில் ஒரு திரை வையுங்கள். நூற்றைம்பது, இருநூறு இருக்கை போதும். மும்பையில் பழைய திரையரங்கை இடித்துக் கட்டுகிறவர்கள், இருந்த இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்குக்காவது புதிய கட்டடத்தில் திரையரங்கு வைக்க வேண்டும் என்று நகர வளர்ச்சி விதியே சொல்கிறது. அங்குள்ள உரிமையாளர்கள் அந்த விதியை நீக்கச் சொல்லிப் போராடுகிறார்கள் என்பதும் உண்மைதான். கட்டாயப்படுத்தினால் அப்படித்தான் ஆகும். தமிழ்நாட்டில் அரசு கட்டாயப்படுத்துவதைவிட, திரை வைத்துக் கட்டுகிறவர்களுக்குக் கூடுதல் தளப்பரப்பும் எளிய உரிமமும் கொடுக்கலாம். அதை உங்கள் சங்கங்கள் கேட்க வேண்டும். வரியைக் குறைக்கக் கேட்டபோது கோட்டை வரைக்கும் போனீர்களே, இதற்கும் போங்கள்.

அந்தத் திரைக்குத் தெருவிலிருந்து நேராக வாசல் இருக்கட்டும். இது எனக்கு முக்கியம். மூன்று அடித்தளப் பார்க்கிங்கைத் தாண்டி, லிஃப்டில் ஏறி, பையைச் சோதிக்கக் கொடுத்து, நான்காவது மாடியில் போய்ச் சேரும் திரைக்குப் பூக்கட்டும் அம்மா வரமாட்டார். வரக்கூடாது என்று யாரும் பலகை வைக்கவில்லை, ஆனாலும் வரமாட்டார். கொட்டகை உடைத்த வேலியை நாமே கண்ணாடியில் மறுபடி கட்டிவிடக்கூடாது. திரையை ஒட்டி முன்வரிசை இரண்டு, அறுபது ரூபாய்க்கோ எழுபது ரூபாய்க்கோ, இணையத்தில் இல்லாமல் கவுண்ட்டரில் மட்டும் கொடுக்கும் டிக்கெட். தரை டிக்கெட் என்று அதற்குப் பெயர் வைத்தால் இன்னும் சந்தோஷப்படுவேன். அந்த இரண்டு வரிசையால் உங்கள் கணக்கு உடைந்துவிடாது.

பெயரை மாற்றாதீர்கள். உங்கள் தாத்தா தன் அம்மா பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைத்திருப்பார். அந்தப் பெயரில் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. ஆட்டோக்காரருக்கு அந்தப் பெயர்தான் விலாசம். கட்டடம் போனாலும் அடுத்த ஐம்பது வருடத்துக்கு ஊர் அந்தப் பெயரைத்தான் சொல்லப்போகிறது. வாங்குகிறவரிடம் அதை ஒப்பந்தத்தின் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.

பிறகு, தாள்கள். இதில்தான் உங்களை அதிகம் கெஞ்சுகிறேன். மேனேஜர் அறையின் பரண்மேல் மூட்டை மூட்டையாக இருக்கும். தினசரி வசூல் கணக்கு, உரிமப் புத்தகம், விநியோகஸ்தர் கடிதம், வால்போஸ்டர், பாட்டுப்புத்தகம், இடைவேளையில் போட்ட விளம்பரக் கண்ணாடி ஸ்லைடு, தட்டிவண்டி நோட்டீஸ். உங்களுக்கு அது குப்பை. ஒரு படம் எத்தனை நாள் ஓடியது, எந்த வகுப்பு டிக்கெட் எத்தனை விற்றது, அறுவடை மாதத்தில் தரை டிக்கெட் எவ்வளவு கூடியது, ஆலை மூடிய வருடத்தில் எவ்வளவு குறைந்தது என்று உங்கள் ஊரைப் பற்றி அந்த மூட்டைக்குத் தெரிந்த அளவு எந்த அரசு அறிக்கைக்கும் தெரியாது. 'நூறு நாள் ஓடியது' என்று நாம் பேசும் பேச்சில் எவ்வளவு உண்மை என்பதற்கும் அந்தக் கணக்குப் புத்தகம்தான் சாட்சி. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய புத்தகத்தையும் நோட்டீசையும் பாட்டுப்புத்தகத்தையும் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் காலமானபின் அந்தச் சேகரிப்புதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. இன்று தமிழ்ச் சினிமா பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. ஒரு தனிமனிதர் அவ்வளவு செய்திருக்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது மூட்டையை எரிக்காமல் ஒரு நூலகத்துக்குத் தொலைபேசி செய்வது மட்டும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. உள்ளூர்க் கல்லூரி நூலகமும் போதும். கரையான் உங்கள் முடிவுக்காகக் காத்திருக்காது.

கடப்பாரை வருவதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் கட்டடத்தைப் படம் எடுங்கள். இப்போது கல்யாணத்துக்கு வரும் பையன்களே ட்ரோன் வைத்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் இடம், ஒலிபெருக்கி நின்ற மேடை, கேபினின் சின்னச் சதுர சன்னல், டிக்கெட் கவுண்ட்டரின் அரைவட்ட ஓட்டை, ஆயிரக்கணக்கான கைகள் பிடித்து வழவழப்பான கம்பி வரிசை. கட்டட வரைபடத்தையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தக் கம்பி வரிசையில் பத்தடியை வெட்டிப் புதிய கட்டடத்தின் வாசலில் வைத்தால் குழந்தைகள் வந்து தொட்டுப் பார்க்கும்.

ஆட்களையும் மறந்துவிடாதீர்கள். டிக்கெட் கிழித்தவர், டார்ச் அடித்து இடம் காட்டியவர், கழிவறை கழுவியவர், கேன்டீனில் முட்டை போண்டா போட்டவர், போஸ்டர் ஒட்டியவர். பலருக்கு எழுபது வயதுக்கு மேல். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கணக்கை, விற்ற பணம் வந்த அன்றே முதலில் தீருங்கள். அவர்கள் உட்கார்ந்து பேச ஒரு பிற்பகல் கொடுங்கள். பேசுவதைப் பதிவு செய்ய உங்கள் பேத்தியின் கைபேசி போதும். உங்கள் குடும்பத்தின் கதையை உங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்த நடிகர் வந்தபோது கூட்டம் கதவைப் பெயர்த்தது, எந்த வெள்ளத்தில் ஊரே வந்து கூடத்துக்குள் படுத்தது, உங்கள் தாத்தா யாருக்கெல்லாம் டிக்கெட் இல்லாமல் உள்ளே விடச் சொன்னார் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உண்டு.

கடைசியாக ஓர் ஆட்டம் போடுங்கள். ஊருக்குச் சொல்லிப் போடுங்கள். பல தியேட்டர்கள் ஒரு திங்கட்கிழமை காலை பூட்டியபடி இருந்தன, அடுத்த மாதம் இல்லாமல் போயின. ஊர் விடைகொடுக்கவில்லை. இறந்தவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வருகிற ஊர் இது, கொட்டகைக்கும் வரும். முதலில் ஓடிய படம் எதுவோ அதையே கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் அதிக நாள் ஓடிய படத்தை. கூட்டம் தாங்காது என்று பயந்தால் மூன்று நாள் போடுங்கள்.

கேபின் சாவியை இரும்புக் கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆபரேட்டருக்கு ஆள் அனுப்புங்கள். வந்து ஒருமுறை அந்தப் படியேறி, மெஷினைத் துடைத்து, தன் கையால் விளக்கை அணைக்கட்டும். லென்ஸை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேட்னி ஆட்டத்துக்கு வரிசையில் நின்ற ஒருவன்
கோவை